தேக்காவிலிருந்து பூன் லே வரை: ஐந்து நாள், ஒரு சுகாதாரப் புத்தகம்

முதல் நாள்: தேக்கா

லிட்டில் இந்தியா எம்ஆர்டி ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்து புக்கிட் தீமா ரோட்டுப் பக்கம் திரும்பினால் கேகே மகளிர், சிறார் மருத்துவமனை கண்ணில் படும். இந்தக் கட்டடத்துக்கு அது வந்தது 1997இல். அதற்கு முன் இருந்தது ஹேம்ஷியர் ரோட்டில், இப்போது நிலப் போக்குவரத்து ஆணையம் இயங்கும் வளாகத்தில். ‘கண்டாங் கெர்பாவ்’ என்றால் மலாயில் எருமைக் கொட்டில். தேக்காவில் மாட்டு வியாபாரம் நடந்த காலத்துப் பெயர், இன்றைக்கு இரண்டு எழுத்தாகச் சுருங்கி நிற்கிறது.

குழந்தை நலத்தில் வட்டாரத்துக்கு வட்டாரம் ஏற்றத்தாழ்வு என்று பேசினால், பெரிய நாடுகளில் மாநிலம், மாவட்டம் என்று கணக்குப் போடுவார்கள். சிங்கப்பூர் சின்னத் தீவு. இங்கே ஏது வட்டாரம் என்று கேட்கத் தோன்றும். ஆனால் அந்த இடைவெளி இங்கேயும் இருந்தது. முன்பு நகரத்துக்கும் கம்பம் எனப்படும் கிராமத்துக்கும் நடுவே இருந்தது, இப்போது ஒரே பேட்டையில் வாடகை வீட்டு புளோக்குக்கும் எதிரே உள்ள கொண்டோ என்ற தனியார் அடுக்குமாடிக்கும் நடுவே இருக்கிறது. அரசாங்கம் அதை எப்படி எப்படிக் குறைத்தது, எங்கே இன்னும் கை எட்டவில்லை என்று இடம் இடமாகப் பார்ப்பதற்குத்தான் இந்த ஐந்து நாள்.

1965இல் சிங்கப்பூரில் பிறந்த 1000 குழந்தைகளில் ஏறத்தாழ 26 குழந்தைகள் ஒரு வயதைத் தாண்டவில்லை. இப்போது அந்த எண் 2ஐ ஒட்டி இருக்கிறது. அடுத்த ஆண்டே, அதாவது 1966இல், கேகேயில் மட்டும் 39,800க்கும் மேற்பட்ட பிரசவங்கள் நடந்து கின்னஸ் பதிவில் ஏறின. நாளுக்கு 109 குழந்தைகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். படுக்கை போதாது. சுகப்பிரசவமான தாய்மாரைச் சீக்கிரமே வீட்டுக்கு அனுப்பிவிட்டு, தாதியர் வீடு தேடிப் போய்த் தொப்புளையும் தாயின் காய்ச்சலையும் பார்த்தார்கள். இடப் பற்றாக்குறையால் பிறந்த ஏற்பாடுதான். ஆனால் வீட்டுக்குள் போன தாதிக்கு அந்த வீட்டில் தண்ணீர் எங்கிருந்து வருகிறது, பிள்ளை எந்தத் துணியில் கிடக்கிறது என்பதெல்லாம் கண்ணுக்கு நேரே தெரிந்தது.

அந்தத் துணியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 1950களிலும் 60களின் தொடக்கத்திலும் பச்சிளங்குழந்தைகள் கடுமையான மஞ்சள்காமாலையால் இறந்தார்கள். பிழைத்த சிலருக்கு மூளை பாதிக்கப்பட்டது. பித்தநிறமி மூளைக்குள் படிவதால் வரும் பாதிப்பு அது. குழந்தை மருத்துவப் பேராசிரியர் வோங் ஹோக் பூன் உள்ளிட்டோர் இதைத் தேடிப்போய், ஜி6பிடி என்ற நொதிக் குறைபாட்டோடு இதற்குள்ள தொடர்பைக் காட்டினார்கள். குறைபாடு உள்ள குழந்தையின் சிவப்பணு சில பொருள்கள் பட்டதும் உடைந்துவிடும். அவற்றில் ஒன்று பாச்சை உருண்டை. ரசகற்பூரம் என்றும் சொல்வோம்.

நம் வீடுகளில் பிறந்த பிள்ளையைப் புதுத்துணியில் போடமாட்டார்கள். தாத்தாவின் பழைய வேட்டி, பாட்டியின் நூல் சேலை, துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆனதைத்தான் எடுப்பார்கள். அருமையான வழக்கம். ஆனால் அந்த வேட்டி அலமாரியில் பாச்சை உருண்டையோடு ஆண்டுக்கணக்கில் கிடந்திருந்தால், ஆவி இழையில் ஊறியிருக்கும். குழந்தை அதை மூச்சிலும் தோலிலும் வாங்கிக்கொள்ளும். ஒருமுறை வெயிலில் போட்டால் போய்விடும் என்று நம்ப வேண்டாம். மூக்கில் வைத்தால் வாசனை தெரிகிற துணி பிள்ளைக்கு வேண்டவே வேண்டாம். சீன வீடுகளில் பச்சிளங்குழந்தைக்குக் கொடுத்துவந்த ஹுவாங் லியன் மூலிகையையும் இதே அச்சத்தால் 1978இல் தடைசெய்தார்கள். பிறகு ஆய்வுகளைப் பார்த்துத் தடையை நீக்கினார்கள். கற்பூரம் கலந்த தைலத்தைக் கைக்குழந்தைக்குத் தேய்ப்பதும் கூடாது. அது ஜி6பிடி குறைபாடு இல்லாத பிள்ளைக்கும் ஆபத்து.

1965இல் தொடங்கிய ஏற்பாடு எளிமையானது. பிரசவமானதும் தொப்புள்கொடி இரத்தத்தில் கொஞ்சம் எடுத்து ஜி6பிடி பார்த்துவிடுவது. குழந்தையைக் குத்த வேண்டியதில்லை, தாய் கேட்டு வாங்க வேண்டியதில்லை, காசு இருக்கிறதா என்ற கேள்வியும் இல்லை. லிம் சூ காங் கம்பத்துப் பிள்ளைக்கும் ஆர்ச்சர்ட் ரோட்டுப் பிள்ளைக்கும் ஒரே சோதனை. இன்றும் அதன் முடிவு, பிறந்ததும் கையில் தரும் சுகாதாரப் புத்தகத்தில் பதிவாகிறது. அந்தப் பக்கத்தைப் படித்துப் பார்க்காத பெற்றோர் நிறையப் பேர். எந்த மருத்துவரிடம் போனாலும் முதலில் காட்ட வேண்டிய பக்கம் அது.

இரண்டாம் நாள்: சாங்கி முனை, புலாவ் உபின்

தானா மேராவிலிருந்து 2ஆம் எண் பேருந்து சாங்கி வில்லேஜ் வரை போகும். படகுத்துறையில் 12 பேர் சேர்ந்தால் படகு கிளம்பும். சேராவிட்டால் உட்கார்ந்திருக்க வேண்டும், அல்லது மிச்ச ஆள்களுக்கும் சேர்த்துக் காசு கொடுக்க வேண்டும். கடலில் பத்து நிமிடம்தான். வார நாள் காலையில் அந்தப் பன்னிரண்டாவது ஆளுக்காகக் காத்திருக்கும் நேரம் அதைவிட நீளம். பிரசவ வலியோடு ஒரு பெண் துறையில் நின்ற காலத்தை நினைத்துக்கொள்ள இதைவிடப் பொருத்தமான இடம் கிடையாது.

உபின் கருங்கல் சுரங்கத் தீவு. கடைசிச் சுரங்கம் 1999இல் மூடியது. இப்போது குடியிருப்போர் சில பத்துப் பேர், வருகிறவர்களில் பெரும்பாலோர் சைக்கிள் ஓட்ட வருகிறவர்கள். தகரக் கூரை, பலகைச் சுவர், தூணின்மேல் நிற்கும் வீடு என்று பழைய கம்பத்தின் அமைப்பை இங்கே இன்னும் பார்க்கலாம்.

1920களில் இந்த நாட்டின் கிராமப்புறத்தில் பிறந்த குழந்தைகள் ஒரு வயதுக்குள் இறந்த விகிதம் 1000க்கு 200க்கும் மேல். 1927இல் ஐடா சிம்மன்ஸ் என்ற பிரிட்டிஷ் தாதி கிராமப்புறச் சிசு நலச் சேவையைத் தொடங்கினார். 1948இல் அவர் ஓய்வுபெற்றபோது அந்த விகிதம் பல மடங்கு இறங்கியிருந்தது. மருந்து ஏதும் புதிதாக வந்துவிடவில்லை. ஆண்டிபயாட்டிக் பரவலாகாத காலம் அது. தாதியர் கம்பம் கம்பமாக நடந்தார்கள், பிறந்த வீட்டுக்குப் போனார்கள், மறுபடியும் போனார்கள். மலாய், சீன, தமிழ்ப் பெண்களிடம் அவரவர் மொழியில் பேச உள்ளூர்ப் பெண்களையே பழக்கினார்கள். ‘பிடான்’ எனப்படும் ஊர் மருத்துவச்சியை விரட்டாமல், சுத்தமாகக் கொடி அறுக்கச் சொல்லிக்கொடுத்துப் பதிவும் செய்தார்கள். மூங்கில் சீவலால் அறுத்து, சாம்பலையோ மஞ்சளையோ அப்பிய தொப்புளில்தான் ஏழாம் நாள் வாக்கில் தாடை இறுகும் இசிவு வரும். கொதிநீரில் போட்ட கத்தரிக்கோல், கொதிநீரில் போட்ட நூல், மேலே ஒன்றும் அப்பாத தொப்புள். இவ்வளவுதான் பாடம்.

அடுத்த சிக்கல் டின் பால். டாக்டர் சிசிலி வில்லியம்ஸ் 1939இல் சிங்கப்பூர் ரோட்டரி சங்கத்தில் ‘பாலும் கொலையும்’ என்ற தலைப்பில் பேசினார். கெட்டிப் பாலைத் தாய்ப்பாலுக்கு மாற்றாக விளம்பரம் செய்வதால் நேரும் மரணங்களைக் கொலை என்றே கருத வேண்டும் என்றார் அவர். டின்னில் பாதிக்குச் சற்றுக் குறைவாக இருப்பது சர்க்கரை. கொழுப்பெடுத்த வகையில் வைட்டமின் ஏ கிடையாது, அதையே குடித்த பிள்ளைக்குக் கண் போகும். விலை கட்டுப்படியாக அம்மா அதைக் கிணற்றுத் தண்ணீரில் நீர்க்கக் கரைப்பாள். வயிற்றுப்போக்கு அங்கே தொடங்கும். ஏழைத் தாயிடம் குறை காணாமல், விற்றவரிடம் கேள்வி கேட்டது அந்தப் பேச்சு. இந்த ஊரில் பிள்ளை நலம் பற்றிப் பேசப்பட்டவற்றில் இதற்கு ஈடாக வேறொன்றை எங்களால் சொல்ல முடியவில்லை.

சுயாட்சி வந்தபின் 1960களில் கிராமப்புறங்களில் தாய்சேய் நல மருந்தகங்கள் பெருகின. தென்தீவுகளுக்குப் படகிலேயே மருந்தகம் போனது. கம்பங்கள் கலைந்து மக்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளுக்குக் குடிவந்தபோது, குழாய்த் தண்ணீரும் கழிப்பறையும் கூடவே வந்தன. வயிற்றுப்போக்கு மரணங்கள் குறைந்ததில் அவற்றின் பங்கு எந்த மருந்தின் பங்குக்கும் குறைந்ததில்லை.

மூன்றாம் நாள்: கிரேத்தா ஆயர், புக்கிட் மேரா

தடுப்பூசி போடும் இடம் நடக்கிற தூரத்தில்தான் இருக்கிறது. மின்தூக்கி ஒவ்வொரு மாடியிலும் நிற்கிறது. பிறகு எதற்கு இங்கே இடைவெளி?

புக்கிட் மேராவின் ஓரறை வாடகை வீட்டு புளோக்கில் நடந்தால் நடைபாதை நீளத்துக்கும் கதவுகள் நெருக்கமாக இருக்கும். உள்ளே படுக்கை, சமையல், சாப்பாடு எல்லாம் ஒரே அறை. குழந்தையைக் குப்புறப் போட்டு விளையாடவிடத் தரையில் இடம் வேண்டும். அந்த இடத்தில் துணிமூட்டையும் மடிப்புக் கட்டிலும் இருக்கும். தாய் துப்புரவு வேலையிலோ உணவங்காடியிலோ நேரப்படி சம்பளம் வாங்குபவராக இருந்தால், மருந்தகத்தில் கழியும் அரை நாள் அவருக்கு அரை நாள் கூலி. ஊசி இலவசம்தான், ஆனால் போய்வருவதற்கு விலை இருக்கிறது.

குறைந்த வருமானக் குடும்பங்களின் சிறுபிள்ளைகளுக்காக 2016இல் கிட்ஸ்டார்ட் முன்னோடித் திட்டத்தைத் தொடங்கியபோது தேர்ந்தெடுத்த வட்டாரங்களில் கிரேத்தா ஆயர், புக்கிட் மேரா, கேலாங் சிராய், தாமான் ஜூரோங், பூன் லே இருந்தன. பள்ளியில் சேர்ந்துவிட்டால் எல்லாப் பிள்ளையும் ஒரே கண்ணில் படும், அதற்கு முந்தைய ஆறு ஆண்டில்தான் பிள்ளைகள் பார்வையிலிருந்து தவறுகிறார்கள் என்பது அதன் அடிப்படை. கருவுற்றிருக்கும்போதே வீடு தேடி வருவார்கள். மூன்று வயது வரை வந்துகொண்டிருப்பார்கள். பிறகு விளையாட்டுக் குழு, பாலர் பள்ளி என்று கைமாற்றிக் கொடுப்பார்கள். 2023இல் திட்டம் நாடு முழுதும் விரிந்தது.

நல்ல வீட்டு வருகை எப்படி நடக்கும்? கோப்பைத் திறக்கும் முன் பாயில் உட்கார வேண்டும். அம்மா பிள்ளையோடு பேசுவதைக் கவனித்து, அவர் சரியாகச் செய்யும் ஒன்றை முதலில் சொல்ல வேண்டும். பிறகுதான் பால், தூக்கம், ஊசித் தேதி. முதல் வருகையிலேயே சம்பளம், கணவர், கடன் என்று கேள்வியடுக்கினால் இரண்டாம் வருகைக்குக் கதவு திறக்காது. பிள்ளையைப் பறித்துக்கொண்டு போய்விடுவார்களோ என்ற பயம் பல வீடுகளில் உண்மையாகவே உண்டு. தொடர்பு அறுபடும் இன்னொரு இடம் கைப்பேசி. காசு போட்டுப் பேசும் அட்டை காலாவதியாகி எண் மாறிவிடும், நினைவூட்டும் குறுஞ்செய்தி யாருக்கோ போகும். அதனால் பாட்டி அல்லது பக்கத்து வீட்டு எண் ஒன்றையும் முதல் நாளே வாங்கிவைப்பது நல்லது.

பல அலுவலகங்கள் ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்பது இன்னொரு சலிப்பு. ஒரு குடும்பத்துக்கு ஒரு பயிற்றுவிப்பாளர் என்ற காம்லிங்க் பிளஸ் ஏற்பாடு அதற்காகத்தான் வந்தது. மூன்று வயதாகும் ஆண்டில் பாலர் பள்ளியில் சேர்த்தால் குழந்தை மேம்பாட்டுக் கணக்கு என்ற பிள்ளைச் சேமிப்புக் கணக்கில் 500 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), ஒழுங்காகப் போய்வந்தால் காலாண்டுக்கு 200 வெள்ளி. பணத்தைக் காட்டி இழுப்பதா என்று சிலர் முகம் சுளிக்கிறார்கள். பேருந்துக் காசும் சீருடையும் தடையாக இருக்கும் வீட்டில் அது லஞ்சமாகாது. இழப்பை ஈடுகட்டும் காசு அது.

இந்தப் பகுதியில் அதிகம் பேச வேண்டியது இரும்புச்சத்து. ஆறு மாதம் வரை தாயிடமிருந்து வந்த இருப்பு ஓடும். பிறகு உணவிலிருந்து வர வேண்டும். வெறும் அரிசிக் கஞ்சி வயிற்றை நிரப்பும், இரும்பு தராது. ஒரு முறை சமைக்க இரண்டு மேசைக்கரண்டி அரிசி, ஒரு மேசைக்கரண்டி பாசிப்பருப்பு, ஒன்றரைக் குவளை தண்ணீர் வைத்துக் குழைய வேகவிடுங்கள். இறக்கும் முன் நன்றாக அரைத்த கோழி அல்லது ஆட்டுக்கறி ஒரு மேசைக்கரண்டி, கொஞ்சம் கீரை, அரைத் தேக்கரண்டி எண்ணெய் சேர்த்துக் கறி நன்றாக வேகும்வரை அடுப்பில் இருக்கட்டும். உப்பு வேண்டாம். நெத்திலிப் பொடி போடுவதானால் உப்பை ஊறவைத்துக் கழுவிக் காயவைத்த நெத்திலி. கரண்டியைச் சாய்த்தால் வழிந்தோடினால் நீர்க்கப் போய்விட்டது என்று பொருள், கரண்டியில் ஒட்டி நிற்க வேண்டும். ஆறு மாதத்தில் ஒரு வேளைக்கு இரண்டு மூன்று மேசைக்கரண்டி உள்ளே போனால் போதும். எட்டாம் மாதத்துக்குள் அரைக் குவளைக்குக் கொண்டுவரலாம். பின்னால் ஒரு துண்டு பப்பாளி கொடுத்தால் இரும்பு நன்றாக ஏறும்.

எது கெடுக்கிறது? தேநீரில் தொட்ட பிஸ்கட். நம்மவர் வீடுகளில் இது சர்வசாதாரணம். தேநீரின் துவர்ப்பு இரும்பை உடம்பில் சேரவிடாது. ஒரு வயதுக்குப் பிறகு நாளுக்கு ஒரு லிட்டர் பால் குடிக்கும் பிள்ளைக்குச் சோறு இறங்காது, கொழுகொழுவென்று இருந்தாலும் உதடு வெளுத்திருக்கும். 500 மி.லி. அளவில் நிறுத்தினால் பசி திரும்பிவிடும். இரவு முழுக்கப் புட்டியை வாயில் வைத்துத் தூங்கும் பிள்ளைக்கு மேல்வரிசை முன்பற்கள்தான் முதலில் கறுக்கும்.

நான்காம் நாள்: பொங்கோல், செம்பவாங்

வடகிழக்கிலும் வடக்கிலும் கதை வேறு. இளம் குடும்பங்கள் கூட்டமாகக் குடிவந்த நகரங்கள் இவை. பொங்கோலில் குழந்தைத் தள்ளுவண்டி நிறைந்து பல ஆண்டு கழித்து, 2017இல்தான் ஒயாசிஸ் டெரசஸ் கட்டடத்தில் அரசாங்கப் பலதுறை மருந்தகம் திறந்தது. செம்பவாங்கில் புக்கிட் கன்பரா சமூக வளாகத்துக்குள் 2023இல். வீடு முதலில், பள்ளி அடுத்து, மருந்தகம் கடைசி என்ற வரிசையால் வந்த தாமதம் இது. பச்சிளங்குழந்தைகள் அதிகம் பிறக்கும் முதல் ஐந்தாறு ஆண்டில்தான் மருந்தகம் மிகவும் தேவை. அடுத்த புதுநகரத்தில் இந்த வரிசை மாற வேண்டும்.

மஞ்சள்காமாலை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. தாயும் பிள்ளையும் இரண்டாம் நாள் வீட்டுக்கு வந்துவிடுகிறார்கள். நிறமி உச்சத்துக்கு ஏறுவது மூன்றாம் நாளுக்கும் ஐந்தாம் நாளுக்கும் இடையே. அதனால் முதல் வாரத்திலேயே மருந்தகம் போய்க் குதிகாலில் குத்திப் பார்க்க வேண்டும். தையல் ஆறாத தாய் இரண்டு பேருந்து மாறிப் போவதற்கும் கீழே இறங்கி நடப்பதற்கும் உள்ள வேறுபாடு, பிள்ளையைக் காட்டுவதா, ‘காலை வெயிலில் காட்டினால் போதும்’ என்று இருந்துவிடுவதா என்பதை முடிவு செய்துவிடுகிறது. வெயில் போதாது. மலம் வெளிறிப் போனால் ஒரு நாள்கூடக் காத்திருக்கக் கூடாது.

2020 நவம்பர் 1 முதல், தேசியப் பட்டியலில் உள்ள குழந்தைத் தடுப்பூசிகள் சிங்கப்பூர்க் குடிமக்களுக்குப் பலதுறை மருந்தகத்திலும், சாஸ் என்ற அரசாங்க மானியத் திட்டத்தில் சேர்ந்த தனியார் மருந்தகங்களிலும் முழு மானியத்தில் கிடைக்கின்றன. வளர்ச்சிப் பரிசோதனையும் அப்படியே. அதற்கு முன் நியூமோகோக்கல் போன்றவற்றுக்குப் பணமோ, மெடிசேவ் என்ற மருத்துவச் சேமிப்போ வேண்டியிருந்தது. காசுச் சுவர் இறங்கியதோடு, வீட்டுக்குக் கீழே இருக்கும் மருத்துவரிடமே இரவு கிளினிக் நேரத்தில் போட்டுக்கொள்ளலாம் என்றும் ஆனது. எங்கள் பார்வையில் இரண்டாவதுதான் பெரிய மாற்றம்.

தவறுவது பெரும்பாலும் ஒரே இடத்தில். 2, 4, 6 மாத ஊசிகளில் முதல் இரண்டின்போது தாய் மகப்பேற்று விடுப்பில் இருக்கலாம், 16 வார விடுப்பு நான்காம் மாதத்தோடு முடிகிறது. 12ஆம் மாதத் தட்டம்மை ஊசிக்கும் 15 முதல் 18 மாதத்துக்குள் போடும் அடுத்த ஊசிக்கும் அவர் வேலையில். பாட்டி கூட்டிப் போனால் சுகாதாரப் புத்தகம், பெற்றோர் கையெழுத்திட்ட இசைவு, எட்டும் தொலைபேசி எண் மூன்றும் பையில் இருக்க வேண்டும். லேசான சளிக்காக ஊசியைத் தள்ளிப்போட வேண்டாம். ஒரு தவணை தவறினால் முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை, விட்ட இடத்திலிருந்து போடுவார்கள். தட்டம்மை, தொண்டை அடைப்பான் இரண்டும் இங்கே சட்டப்படி கட்டாயம்.

18 மாதம் வாக்கில் நடக்கும் வளர்ச்சிப் பரிசோதனையில் தமிழ்க் குடும்பங்களுக்கு ஒரு குறிப்பு. பிள்ளை எத்தனை சொல் பேசுகிறது என்று ஆங்கிலத்தில் கேட்பார்கள், அம்மாவும் ஆங்கிலச் சொற்களை மட்டும் எண்ணிச் சொல்வார். ‘தா’, ‘பால்’, ‘மம்மு’, ‘காக்கா’ எல்லாமே சொற்கள். எல்லா மொழியையும் சேர்த்து எண்ண வேண்டும். அப்படி எண்ணியும் குறைவாக இருந்தால், ‘அப்பாவும் தாமதமாகத்தான் பேசினார்’ என்று விட்டுவிடாமல் காது கேட்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

பொங்கோல் மருந்தகத்தில் கேகேயோடு சேர்ந்து, பிள்ளைக்கு ஊசி போடும் அதே வருகையில் தாயின் மனச்சோர்வையும் கேட்டறிகிறார்கள். சுவா சூ காங், பொங்கோல், செம்பவாங், செங்காங் ஆகிய நான்கு நகரங்களில் ஃபேமிலி நெக்சஸ் முன்னோடி நிலையங்கள் சுகாதார, சமூகச் சேவைகளை ஒரே கூரைக்குள் வைத்தன. தாய் தனக்காக ஒருநாளும் மருந்தகம் போகமாட்டார். பிள்ளைக்காகப் போகும் நாளில் அவரையும் பார்த்துவிடுவது அவ்வளவு நல்ல ஏற்பாடு.

ஐந்தாம் நாள்: தாமான் ஜூரோங், பூன் லே

பயணத்தின் மேற்கு முனை. காலையில் பள்ளி வாசலில் நின்றால் புரிந்துவிடும்: தொடக்கநிலை ஒன்றில் சேர்ந்த நாளிலிருந்து உயரம், எடை, பார்வை என்று பள்ளிச் சுகாதாரக் குழு வகுப்புக்கே வருகிறது. ஊக்க ஊசியும் பள்ளியிலேயே. பல் மருத்துவம் பள்ளிக்குள், அல்லது நடமாடும் வண்டியில். பெற்றோர் விடுப்பு எடுக்க வேண்டியதில்லை, ஒரு படிவத்தில் கையெழுத்துப் போட்டால் போதும். அந்தப் படிவம் பையின் அடியில் கசங்கிக் கிடந்தால் மட்டும் பிள்ளை வரிசையில் விடுபடும்.

மானியம் குடியுரிமையைப் பொறுத்தது. ஒரே மாடியில் குடிமகனின் பிள்ளைக்கு முழு மானியம், அனுமதி அட்டையில் இருப்பவரின் பிள்ளைக்கு முழுக் கட்டணம். கிருமி இந்த வேறுபாட்டைப் பார்ப்பதில்லை. தட்டம்மை ஊசியையாவது அட்டை பார்க்காமல் போட வேண்டும் என்பது எங்கள் உறுதியான கருத்து.

தமிழ்நாட்டிலிருந்து பிள்ளையோடு வருவோருக்கு: 2019 பிப்ரவரி முதல், வெளிநாட்டில் பிறந்த 12 வயதுக்குட்பட்ட பிள்ளைக்குச் சார்ந்தோர் அட்டையோ நீண்டகால வருகை அட்டையோ கேட்கும்போது தட்டம்மை, தொண்டை அடைப்பான் ஊசிகளுக்குச் சான்று தர வேண்டும். ஊரில் முதல் தட்டம்மை ஊசி 9ஆம் மாதம் போடுவார்கள், இங்கே 12ஆம் மாதம். தாயிடமிருந்து வந்த எதிர்ப்புச் சக்தி முன்கூட்டிப் போட்ட ஊசியை மட்டுப்படுத்தும் என்பதால் தேதி முக்கியம். ஆரம்ப சுகாதார நிலையத்து அட்டையில் தேதி அழிந்திருந்தாலோ ‘போட்டாச்சு’ என்று டிக் மட்டும் இருந்தாலோ சான்றாகாது. கிளம்பும் முன் நாள், மாதம், ஆண்டு, ஊசியின் பெயர், முத்திரை எல்லாம் தெளிவாக எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

பூன் லே பேருந்து நிலையத்தில் பள்ளி விடும் நேரம். சுகாதாரப் புத்தகத்தில் கடைசியாக நிரப்ப வேண்டியது 4 முதல் 6 வயதுப் பரிசோதனைப் பக்கம்: பார்வை, எடை, உயரம், பேச்சு. அந்தப் பக்கம் வெறுமையாக இருக்கும் வீட்டில் தாதியோ தொண்டூழியரோ முதலில் கேட்க வேண்டியது, அம்மாவுக்கு வேலை எத்தனை மணிக்கு முடிகிறது என்று.